நாச்சியம்மையின் நாலு வரி

"சாமி, பூஜையில உங்க பக்கத்துல உக்கார்ற இடத்தை இளம்பரிதிக்குக் குடுத்துட்டு, என்னைத் தூண் ஓரமாத் தள்ளிட்டீங்களே. இது நியாயமா?"

நாச்சியம்மை கேட்டபோது மடத்துச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்த மடத்துக்கு ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தமிழ் தெரியாது. ஆனாலும் மாலைப் பூஜையில் தமிழ்ப் பாட்டைத்தான் பாட வேண்டும், அது மடத்து வழக்கம். அதற்காகவே நாச்சியம்மை தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் படித்தாள். பாஷை தெரியாது, எழுத்து மட்டும். ஒவ்வொரு பாட்டையும் அவர்கள் வாசிக்கிற மாதிரி கையால் எழுதிக் கொடுப்பாள்.

இப்போது இளம்பரிதி வந்திருக்கிறான், கம்ப்யூட்டரோடு. தமிழில் அடித்து ஒரு தட்டுத் தட்டுகிறான். கண் மூடித் திறப்பதற்குள் அதே பாட்டு தெலுங்கு எழுத்தில் வந்து நிற்கிறது. கூட்டம் அவனை ஈயாய் மொய்க்கிறது.

"அவனுக்குத் தெலுங்குல ஒரு எழுத்தாவது தெரியுமா சாமி?"

"தெரியாது."

"அப்புறம்?"

"மனசுல இருக்கிறதை நாலு வரியா எழுதிக் குடு. பார்க்கிறேன்."

நாச்சியம்மைக்குக் கால் தரையில் பாவவில்லை. அழுத்தி அழுத்தி எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் வந்தது முழுக்க ஆந்திராக் கூட்டம். சாமியே பாட்டுத் தாள்களைக் கொடுத்தார்.

"இன்னைக்குக் கம்ப்யூட்டரை நானே தட்டினேன்" என்றார்.

நாச்சியம்மைக்கும் ஒன்று வந்தது. தெலுங்கு எழுத்து. முதல் வரியை வாசித்தாள். சாமியிடம் ஓடினாள்.

அதற்குள் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நேத்து வந்தவனுக்கு முன்னால இடமாம்,
நெஞ்சு பத்தி எரியுதே எனக்கு!
அவன் பொட்டி பொகைஞ்சு போகட்டும்,
அவனும் ஊரு போய்ச் சேரட்டும்!"

கண்ணை மூடி, கை கூப்பி, உருகி உருகிப் பாடினார்கள். இளம்பரிதியின் கையில் ஜால்ரா நின்றுபோனது.

"சாமி, நிறுத்தச் சொல்லுங்க!" என்றாள் நாச்சியம்மை.

"ஏன், எழுத்துல ஏதாவது தப்பா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு சாமி..."

பாட்டு முடிந்தது. மடத்துக்கு அடிக்கடி வருகிற ஒரு தெலுங்கு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, சாமியிடம் ஏதோ சொன்னாள். பிறகு நாச்சியம்மையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ன சாமி சொல்றாங்க?"

"ஊருக்குப் போய் இந்தப் பாட்டை மகளுக்குச் சொல்லிக் குடுக்கணுமாம். கம்ப்யூட்டர்ல வந்தது வேண்டாமாம்."

"பின்ன?"

"நீ உன் கையால எழுதித் தரணுமாம்."

இளம்பரிதி தன் பேனாவை எடுத்து நீட்டினான்.