கண்ணாடிக்கு வராத தண்ணீர்

தூத்துக்குடி புறவழிச் சாலையில் ஜெரினா மெக்கானிக் கடை வைத்திருந்தார். வயது முப்பத்தெட்டு. அவரிடம் தொழில் கற்றவர் அந்தோணிசாமி. வயது அறுபத்திரண்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் பகலில் வீட்டில் இருக்க முடியாமல் வந்து சேர்ந்தார். ஜெரினாவை ‘குருவே’ என்பார். முதலில் கேலிதான். பிறகு பழகிவிட்டது.

ஒரு மதியம் சொன்னார்:

“குருவே, நாளைக்கு வரமாட்டேன். வீட்டை வித்துட்டு முதியோர் இல்லத்துல சேருதேன். காலையில கையெழுத்து.”

“மஸ்கட்ல மகன் இருக்கானே?”

“அம்மாவை அடக்கம் பண்ணிட்டுப் போனவன். மூணு மாசமா ஒரு போன் கிடையாது. ஒருத்தன் மனசுல நாம இருக்கோமா இல்லையான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிட?”

ஜெரினா வாசலில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினார்.

“முன் கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கலையாம். அதைப் பாருங்க, அண்ணாச்சி.”

அந்தோணிசாமி பானெட்டைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு மூடினார். நிறைய இருந்தது. உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பக்கத்து வைப்பர் பிடியை இழுத்தார். வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்தது.

“மோட்டார் செத்துப்போச்சு. புதுசு போடணும்.”

“நாடி பிடிக்காமலே சர்டிபிகேட் எழுதிட்டியளே! இறங்குங்க.”

ஜெரினா உள்ளே உட்கார்ந்தார்.

“முன் சக்கரத்துக்கிட்ட காதை வைங்க.”

பிடியை இழுத்தார்.

“என்ன கேக்கு?”

“மோட்டார் இரையுது.”

“கீழே குனிஞ்சு பாருங்க.”

சிமெண்ட் தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தோணிசாமி பானெட்டை மறுபடி திறந்தார். கண்ணாடிக்குத் தண்ணீர் போகும் டியூப் இணைப்பில் கழன்று தொங்கியது. மாட்டினார். ஜெரினா மறுபடி பிடியை இழுத்தபோது தண்ணீர் கண்ணாடியைத் தாண்டி அவர் முகத்திலும் அடித்தது. ஜெரினா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

“மகன் எந்த நம்பருக்குக் கூப்பிடுவான்?” என்று ஜெரினா கேட்டார்.

“அவ நம்பருக்குத்தான். அம்மாவும் மகனும் மணிக்கணக்கா பேசுவாங்க. அவ வந்து எனக்குச் சொல்லுவா. என் நம்பர் அவன்கிட்ட இருக்கோ என்னவோ.”

“அந்தப் போன் இப்ப எங்க?”

“பீரோவுல. அடக்கத்தன்னிக்கு அணைச்சு வச்சது. அது அடிச்சா எனக்குத் தாங்காது.”

ஜெரினா கடைக்குள் போனார். சுவரில் மாட்டியிருந்த தன் சார்ஜரைக் கழற்றிக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினார்.

“இது அந்தப் போனுக்குச் சேருதான்னு பாருங்க, அண்ணாச்சி.”