ஏழாவது ஃபிரெட்

பொன்மலையில் எலக்ட்ரிக் கிதார்களைப் பழுது பார்க்கும் பர்வீனுக்கு வயது இருபத்தொன்பது. அவளுடைய ஒரே சீடர் தேவசகாயத்துக்கு அறுபத்திரண்டு. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “மாஸ்டர்” என்று அவளை அவர் கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். அவள் வேலை செய்வதைப் பார்த்த பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அவர் தன் கிதாரின் கழுத்தை வீட்டிலேயே புதுப்பித்துக்கொண்டிருந்தார். பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிது பூசினார். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதிந்திருக்கும் உலோகக் கீற்றுகளை, அதாவது ஃபிரெட்டுகளை, பிடுங்கிவிட்டுப் புதியவற்றை அடித்து இறக்கினார். எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தபடி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசித்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் கிதாரோடு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

“ஏழாவது ஃபிரெட்ல அழுத்தினா கர்ருங்குது மாஸ்டர்.”

“என்ன பண்ணீங்க அங்கிள்?”

“அதை அரத்தால தேய்ச்சேன். இன்னும் அதிகமாச்சு. மறுபடியும் தேய்ச்சேன்.”

“அதை எதுக்குத் தேய்ச்சீங்க?”

“அதுதானே கத்துது?”

பர்வீன் சிரிக்கவில்லை. அவளிடம் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.

தேவசகாயம் ஸ்டூலில் உட்கார்ந்து மனைவியைப் பற்றி ஆரம்பித்தார்.

“வீட்லயும் நிம்மதி இல்ல. அற்புதம் அஞ்சு நாளா என்கூடப் பேசல.”

“ஆன்ட்டியா? ஏன்?”

“குரல் பிசிறடிக்குது, இனிமே சர்ச்சுல நீ பாட வேணாம்னு சொல்லிட்டேன். முப்பது வருஷமா நான் வாசிக்க அவ பாடுவா. இப்ப சமையக்கட்டுல முணுமுணுக்கிறதுகூட இல்ல. நீங்களே சொல்லுங்க, நான் சொன்னது சரிதானே?”

பர்வீன் கிதாரை வாங்கி மேஜையில் வைத்தாள். விரல் நீளத்துக்கு ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று ஃபிரெட்டுகளின் மேல் படுக்க வைத்தாள்.

“தொட்டுப் பாருங்க.”

தொட்டார். கால் சரியில்லாத பெஞ்சு மாதிரி ஸ்கேல் ஆடியது.

“எது மேல ஆடுது?”

“எட்டு மேல.” ஃபிட்டருக்கு உடனே புரிந்துவிட்டது. “அப்ப ஏழாவது மேல தப்பே இல்லியா?”

“இல்ல. எட்டாவது சரியா உக்காராம தூக்கிக்கிட்டு நிக்குது. ஏழுல அழுத்தினா கம்பி எட்டுல போய் இடிக்குது.”

சின்னச் சுத்தியலால் எட்டாவதை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள். அது இறங்கியது. ஆனால் ஏழாவதில் அவர் தேய்த்துத் தின்றதற்கு ஈடாக மற்ற எல்லா ஃபிரெட்டுகளையும் மயிரிழை அளவு தேய்த்து இறக்க வேண்டியிருந்தது. சாயங்காலம்வரை ஆயிற்று. ஒரு வார்த்தை குறை சொல்லாமல் செய்தாள். அந்தப் பொறுமைக்கு முன்னால் நானாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

கடைசியில் ஏழாவதில் விரலை வைத்து மீட்டினார். சுத்தமாக ஒலித்தது. தேவசகாயத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கிதாரை உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“அற்புதம் விஷயத்துக்கு நீங்க பதிலே சொல்லலியே மாஸ்டர்?”

பர்வீன் ஸ்கேலைத் துடைத்து டப்பாவில் வைத்தாள்.

“சர்ச்சுல ஆன்ட்டிக்குப் பக்கத்துல யாரு நிக்கிறாங்க?”

“நான்தான்.”

“உங்க ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை எத்தனைல வைப்பீங்க அங்கிள்?”

“எட்டுல மாஸ்டர்,” என்றார் தேவசகாயம். சொன்ன பிறகுதான் அந்த எண் அவர் காதிலேயே விழுந்தது.