கோவைக்கொடி கட்டிய கண்காட்சி

ஆவாரங்காட்டு ஏரிக்கரையில் சிட்டையன் என்றொரு கீரி இருந்தான். ஊருக்கு ஏதாவது நல்லது செய்துகொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு. சும்மா இருந்தால் வால் அரிக்கும்.

அந்த வருஷம் பனிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாற்பது வரித்தலை வாத்துகள் ஏரிக்கு வந்து இறங்கின. அவற்றின் தலைவி பெயர் தாஷி. வந்தவை வெறும் வாத்துகள் அல்ல, கலைஞர்கள். அலகால் கோடு கீறிய கல், மலை மாதிரி அடுக்கிய இறகு என்று பலதும் செய்து வைத்திருந்தன. எல்லாவற்றிலும் பெரிய படைப்பு ஒரு பனிக்கட்டி. தாஷி அதை அலகில் கவ்விக்கொண்டு புறப்பட்டாள். மலையைத் தாண்டுவதற்குள் அது உருகிப் போனது. ஆனாலும் அவள் விடவில்லை. கரையில் ஓர் இடத்தை வட்டமாக நனைத்து, ‘பனிக்கட்டி இருந்திருக்க வேண்டிய இடம்’ என்று பெயர் வைத்தாள். காயக் காய மறுபடி நனைப்பாள்.

சிட்டையன் அந்த ஈரத்தை மூன்று தடவை சுற்றி வந்தான். ஒன்றும் புரியவில்லை. புரியாததால் மரியாதை கூடிவிட்டது.

"இதை இந்தக் காடே பார்க்கணும். உலகக் கலைக் கண்காட்சி ஒண்ணு வச்சிருவோம்" என்றான்.

"வைக்கலாம்" என்றாள் தாஷி. "ஆனா எங்க வழக்கப்படி, செஞ்சவங்க அவங்கவங்க படைப்புப் பக்கத்துலயே நிக்கணும். பகலெல்லாம் நின்னா மேயப் போக முடியாது. வெயில் ஏறுறதுக்குள்ள நாங்க நல்லாத் தின்னு கொழுத்தாகணும். வத்தின உடம்போட போனா மலையைத் தாண்ட மாட்டோம். பாதி வழியில விழுந்திருவோம்."

"அது என் பொறுப்பு. பார்க்க வர்ற ஒவ்வொருத்தரும் ஒரு வாய் கம்பு கொண்டாரணும்னு சொல்லிடறேன். இந்தக் காட்டுல எத்தனை வாய் இருக்கு தெரியுமா? பத்தே நாள். கழுத்து வரைக்கும் நிறைச்சு அனுப்பறேன்" என்றான் சிட்டையன்.

தாஷி நம்பினாள். மாசிக் கடைசியில் பத்து நாள் என்று முடிவானது.

உடனே ஒரு குழு போட்டார்கள். சிட்டையன் செயலாளர். காகம் விளம்பரம். முள்ளம்பன்றி அலங்காரம். கரையில் ஓர் இடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கருவேல முள் அடைத்தார்கள். ஒரே ஒரு வாசல். பறவைகளானாலும் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று சட்டம். வாசலுக்குள் ஓலைத் தட்டி வைத்து மறைத்தார்கள். தட்டிக்கு முன்னால் பச்சைப் பசேல் என்று ஒரு கோவைக்கொடியைக் குறுக்கே கட்டினார்கள். திறப்பு விழா என்றால் கொடி வேண்டுமே. அதை அறுக்கப் பெரிய மனிதர் வேண்டுமே. யானை கொம்பையாவைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அவருக்குப் போர்த்த முந்நூறு ஆலிலை சேர்த்துப் பொன்னாடை ஒன்று தயாரானது. முள்ளம்பன்றி தன் முள்ளைப் பிடுங்கியே அதைத் தைத்தது.

விழா அன்று குழுவில் இருந்த மூன்றும் பொன்னாடையைச் சுமந்துகொண்டு கிழக்குப் பாதையில் போய் நின்றன. பெரிய மனிதர்கள் கிழக்கிலிருந்துதான் வருவார்கள் என்பது காகத்தின் கணிப்பு. பொழுது சாய்ந்தது. கொம்பையா வரவில்லை.

"பெரியவருக்கு என்ன வேலையோ! நாளைக்கு வருவார்" என்றது முள்ளம்பன்றி.

"அதுவரைக்கும் கொடி?" என்றது காகம்.

"அதை யாரும் தொடக்கூடாது. அவர் வர்றப்ப வரட்டும். கண்காட்சி பாட்டுக்குக் கண்காட்சி நடக்கட்டும்" என்றான் சிட்டையன்.

இப்படிச் சொல்லிவிட்டு அவனும் முள்ளம்பன்றியும் முள்வேலிக்கு அடியில் வளை தோண்டி அதன் வழியாக உள்ளே போனார்கள். காகம் மேலே பறந்து உள்ளே இறங்கியது. அதிலிருந்து தினமும் அப்படித்தான். வளை தோண்டிப் பழகியவனுக்கு வாசல் எதற்கு? அந்த வாசல் பக்கம் குழுவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் வாத்துகள் அவரவர் படைப்புப் பக்கத்தில் கழுத்தை நிமிர்த்தி நின்றன. சிட்டையன் கம்பு வாங்கப் பெரிய கூடையோடு தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தான். காகம் காட்டுக்குள் தூரத்தில் ஒரு புளியமர உச்சியில் நின்று, "உலகக் கலைக் கண்காட்சி சிறப்பாக நடக்கிறது! அனைவரும் வருக!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

ஒருவரும் வரவில்லை.

மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் குழு கூடியது.

"நம்ம காட்டுக்கு ரசனை பத்தாதுண்ணே" என்றது காகம்.

"அது கிடக்கட்டும். கூடையில ஒரு மணி இல்லை. வாத்துங்களுக்கு எதைப் போடுறது?" என்றான் சிட்டையன்.

முள்ளம்பன்றி யோசித்தது. "வர்றவங்க குறைவா இருந்தா, வர்றவங்க கூடக் கொடுக்கணும். ரெண்டு வாயா ஆக்கிடுவோம்."

ஆக்கினார்கள். ஐந்தாம் நாளும் ஒருவரும் வரவில்லை. முள்ளம்பன்றிக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தியா? கட்டணத்தைக் கூட்டினதால ஒருத்தர்கூடக் குறையலை. நாலு வாயா ஆக்கு."

சிட்டையன் மட்டும் தினமும் விடிகாலையில் எழுந்து அறுத்த கொல்லையெல்லாம் அலைந்து, சிந்திய கம்பைப் பொறுக்கி வாயில் அடக்கிக்கொண்டு வந்து தாஷி முன்னால் கொட்டினான். வயல் எலிகள் இதைப் பார்த்தன. முதல் நாள் பயந்து ஓடின. இரண்டாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

"கீரியண்ணன் சைவம் ஆயிட்டாரு போல. கொஞ்சம் மோர் ஊத்திக்குங்கண்ணே, தொண்டையில இறங்கும்" என்றது ஒரு குண்டெலி.

வாய் நிறையக் கம்பு. கண்ணை மட்டும் உருட்டிவிட்டு வந்தான்.

எட்டாம் நாள் உச்சி வெயிலில், கீறிய கல்லுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சின்ன வாத்து அப்படியே சாய்ந்து விழுந்தது. காகம் அதுவும் கலை என்று நினைத்துச் சிறகு தட்டியது. சிட்டையன் ஓடிப் போய்த் தூக்கினான். இறகுக்குள் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் இடித்தது.

தாஷி மெதுவாகச் சொன்னாள். "தெக்கத்திக் காத்து ஆரம்பிச்சிருச்சு, ஐயா. இன்னும் நாலே நாள்ல கிளம்பித்தான் ஆகணும். எத்தனை பேர் ஊர் போய்ச் சேருவோம்னு தெரியலை. உங்களைக் குத்தம் சொல்லலை. நீங்களும் தேஞ்சு போயிட்டீங்க."

குற்றம் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஒன்பதாம் நாள் காலை கொம்பையாவைத் தேடி மேற்குக் காட்டுக்கு ஓடினான். யானை மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது.

"ஐயா, நீங்க இப்படிப் பண்ணலாமா? நீங்க வராததால கண்காட்சியே படுத்துப் போச்சு."

"நான் வராமலா?" என்றது யானை. "முதல் நாளே வந்தேனப்பா. மேற்கு வழியா. வாசல்ல ஒரு ஆள் இல்லை. தட்டி வச்சு அடைச்சு, குறுக்கே கொடி கட்டிக் கிடந்துச்சு. சரி, இன்னும் திறக்கலை போல, திறந்ததும் சொல்லி அனுப்புவாங்கன்னு திரும்பிட்டேன்."

"நீங்க வந்து அறுக்கணும்னுதான் கட்டியிருந்தோம்!"

"அடுத்தவன் கட்டினதை நானே போய் அறுத்தா என்ன மரியாதை?"

சிட்டையன் திரும்பி ஓடினான். வளைப் பக்கம் போகவில்லை. முதல் தடவையாக வாசல் பக்கம் வந்தான்.

அங்கே காடே நின்றது. முயல், மான், எருமை, அணில், மயில், எல்லாரும். வாயில் அடக்கிய கம்போடு கன்னம் புடைக்க நின்றார்கள். கோவைக்கொடியை உற்றுப் பார்த்தார்கள். தலையை ஆட்டினார்கள். கம்போடு திரும்பி நடந்தார்கள்.

"ஏன் போறீங்க?" என்றான் சிட்டையன்.

மான் கம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னது. "எட்டு நாளா வந்து பார்க்கிறோம் அண்ணே. கொடி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கோவைக்கொடியைக் காட்டி நாலு வாய் கம்பு கேக்கறது அநியாயம்."

"இதுவா கண்காட்சின்னு நினைச்சீங்க?"

"சிறப்பா நடக்குதுன்னு காகம் கத்துதே. வாசல்ல இதானே இருக்கு?"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூவாத்தாள் என்ற கிழட்டு வெள்ளாடு முன்னால் வந்தது. "ஏனப்பா செயலாளரு, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இம்புட்டுப் பசுமையா ஒண்ணைக் கட்டி வச்சு, யாரையும் திங்க விடாம வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களே. இதுக்குப் பேருதான் கலையா?"

சிட்டையன் கொடியைப் பார்த்தான். உள்ளே விழுந்த சின்ன வாத்தை நினைத்தான். ஓலைத் தட்டியைக் காலால் எட்டி உதைத்துச் சாய்த்தான்.

"தின்னு பூவாத்தா" என்றான்.

"ஐயோ, விழா!" என்று உள்ளேயிருந்து அலறியது முள்ளம்பன்றி.

பூவாத்தாளுக்கு எட்டே கடி. கொடி போனது. கண்காட்சி திறந்தது. பெரிய மனிதர் ஒருவர் கையால் ஏதாவது நடக்க வேண்டும் என்று முள்ளம்பன்றி அழுததால், பொன்னாடையைப் பூவாத்தாளுக்கே போர்த்தினார்கள். அவள் அதையும் தின்றாள்.

காடு திமுதிமு என்று உள்ளே போனது. ஒரு வாய் போதும் என்று சிட்டையன் சொல்லியும் கேட்காமல், எட்டு நாளாகச் சுமந்து அலுத்த கம்பை அத்தனை பேரும் கூடையில் துப்பினார்கள். கூடை நிறைந்து, கரையில் குவிந்தது. எருமை நேராகப் போய், பனிக்கட்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில் பொத்தென்று படுத்தது.

"அடடா! இவ்வளவு குளிர்ச்சியான படைப்பை என் ஆயுசுல பார்த்ததில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டது.

தாஷி எருமையைச் சுற்றி மறுபடி வட்டமாக நனைத்தாள்.

வாத்துகள் அன்று பகலெல்லாம் தின்றன. மறுநாளும் தின்றன. கழுத்து வரைக்கும் நிறைந்து, இன்னும் இரண்டு நாள் தங்கித் தின்று, பிறகுதான் கிளம்பின. சின்ன வாத்து நடுவில் பறந்தது. சிட்டையன் வாசலில் நின்று எண்ணினான். நாற்பது. எண்ணி முடித்ததும் வயல் பக்கம் திரும்பினான். குண்டெலி தலைதெறிக்க ஓடியது.

வாசலை நாமே கட்டி வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கு ரசனை இல்லை என்று பழி போடக் கூடாது.