கேள்விப்படாத ஒன்பது பேர்

“இந்தம்மாவை நீங்கதான் நிறுத்தணும் மேடம்” என்றார் ஆவுடையப்பன்.

முப்பது வருஷம் ரயில்வே கார்டாக ஓடி, ஓய்வு பெற்ற பிறகு சட்டம் படித்தவர். கோவில்பட்டியில் தன்னைவிட இருபது வயது இளைய வக்கீல் கனகவல்லியிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தார். படித்த சட்டம் இன்னும் சூடு ஆறவில்லை. யார் கிடைத்தாலும் பரிமாறிவிடுவார்.

அவர் குறை சொன்னது முப்பிடாதியை.

முப்பிடாதியின் கணவர் சங்கையா லாரி டிரைவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். நாக்பூர் பக்கத்தில் லாரி கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

ஒருவரைப் பற்றி, சேதி தெரிந்திருக்க வேண்டியவர்கள் யாருமே ஏழு வருஷமாகக் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வீட்டுப் பட்டாவை மாற்றுவதற்காக மகள் அந்தத் தீர்ப்பைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தாள். சாட்சிகளைத் தேடிப் பிடித்து அழைத்து வருவது மட்டும் அம்மா.

அண்ணன், கொழுந்தன், லாரி ஓனர், கூட ஓடிய டிரைவர்கள் என்று ஒன்பது பேர் ஆகிவிட்டது. எல்லோருடைய பிரமாணப் பத்திரத்திலும் ஒரே வாக்கியம். சங்கையாவைப் பற்றி இன்றுவரை நான் கேள்விப்படவில்லை.

“இன்னைக்கும் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து வராந்தாவுல உட்கார்ந்திருக்கு. ஒரே விஷயத்தை ஒரே மாதிரி எத்தனை பேர் சொன்னாலும் அது திரள் சான்று. போதும்னு ஜட்ஜ் கையை அமர்த்திடுவார். வேற வகையில வந்து அதையே தாங்கிப் பிடிச்சா ஒத்துறுதிச் சான்று. போலீஸ் அறிக்கை அந்த வகை. அது நம்மகிட்ட இருக்கு. அப்புறம் எதுக்கு இந்தக் கூட்டம்?”

எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்று கனகவல்லி கேட்டாள். இரண்டு பேர் தாராளம் என்றார். மீதியைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டதையும் பெருமையாகச் சொன்னார்.

அவள் எழுந்துபோய் அந்தக் கட்டை எடுத்து வந்து, நூலை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள்.

“ஒவ்வொண்ணா வாசிங்க அண்ணாச்சி. கையெழுத்து வரைக்கும்.”

முணுமுணுத்துக்கொண்டே வாசித்தார். அதே வாக்கியம். அதே வாக்கியம். கடைசித் தாளில் நின்றார்.

அது முப்பிடாதியின் பத்திரம். மூன்று மாதத்துக்கு முன்பே டைப் அடித்தது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. வாக்கியம் ஒன்றுதானே என்று பார்க்காமலே அதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

அவருக்குச் சுருக்கென்றது. மனைவியே சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது. வாய்தா திங்கட்கிழமை.

“நான் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுறேன் மேடம்.”

கனகவல்லி தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

வராந்தாவில், சாத்தூரில் டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று முப்பிடாதி அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள் என்றுதான் ஆவுடையப்பன் நினைத்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தாடி வைத்த ஆளாக யாராவது வந்தார்களா, டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னார்களா, இடது காலைச் சாய்த்து நடந்தார்களா. நன்றாக யோசித்துப் பார்க்கச் சொன்னாள். அந்த மனிதர் பாவம், யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவள் முகம் வாடியதை ஆவுடையப்பன் பார்த்தார். ஒன்பது தடவையும் இப்படித்தான் வாடியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

இருந்தாலும் வந்த வேலை இருக்கிறதே. தாளையும் பேனாவையும் நீட்டினார். இனிமேல் யாரையும் தேடி அலைய வேண்டாம், இது ஒன்று போதும் என்றார்.

அவள் பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். மூடியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

“அவங்கல்லாம் கேள்விப்படலைன்னா, அவங்களுக்குச் சேதி வரலை. அம்புட்டுதான் சார். நானும் கேள்விப்படலைன்னு எழுதிக் குடுத்துட்டா, அந்த மனுசன் பெறகு யாருக்குச் சேதி சொல்லுவாரு?”

ஆவுடையப்பன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இன்னும் யார் யார்கிட்டக் கேட்கணும் தாயீ?”