யோகமலர் வீட்டு அடுப்பு

அக்கரையிலிருந்து படகில் வந்த குடும்பங்கள் முகாம் கொட்டகையில் நெருக்கியடித்துக் கிடந்த காலம் அது. ஊரில் பூட்டிக் கிடந்த வீடுகளைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, ஒவ்வொரு குடும்பமாகக் குடிவைப்பதைக் கடற்கரை மடத்தார் செய்துவந்தார்கள். வெள்ளையடிக்கக் கூடப் போன எனக்கு, அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சுண்ணாம்பு வாசனை வருகிறது.

மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுதான். சீடர் கணபதியப்பனுக்கு அறுபது. கல்யாண மண்டபத்தில் மேலாளராக இருந்து ஓய்ந்தவர். அவர் கை வைத்த காரியத்தில் குறை சொல்ல முடியாது. சொல்லவும் விடமாட்டார்.

யோகமலர் குடும்பத்துக்கு வீடு தயார் செய்தது அவர்தான். பருப்பு டப்பா முதல் பல்பொடி வரை எல்லாவற்றுக்கும் இடம் பார்த்து வைத்தார். காற்றில் அணையாதபடி மண்ணெண்ணெய் அடுப்பை ஜன்னலை விட்டுத் தள்ளி, ஒரு பலகைமேல் வைத்தார். பாலையும் அவரே காய்ச்சி, பொங்கவிட்டு, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். யோகமலரும் அவள் கணவன் தவராசாவும் சின்ன மகளும் சுவரோரம் நின்று குடித்தார்கள்.

ஒரு வாரம் போனது. கணபதியப்பன் வாடிய முகத்தோடு சாமியிடம் வந்தார்.

“அவங்க திரும்ப முகாமுக்கே போறாங்களாம் சாமி. வர்ற வெள்ளிக்கிழமை.”

“ஏனாம்?”

“‘எங்களால உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்’னு மட்டும் சொல்றாங்க. கொண்டுவந்த மூட்டையைக்கூட இன்னும் அவிழ்க்கல. கொட்டகையில அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வந்து திணறுச்சு. இங்க வந்த பிறகுதான் நிம்மதியாத் தூங்குது. மறுபடி அங்க போனா என்ன ஆகும்?” மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் என்ன சாமி குறை வச்சேன்?”

“ஒரு குறையும் வைக்கல” என்றார் சாமி. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “வாங்க, போயிட்டு வருவோம்.”

கணபதியப்பன் ஒரு பை நிறையக் காய்கறி எடுத்தார். சாமி அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு நடந்தார்.

கதவைத் தட்டியதும் யோகமலர் திறந்தாள்.

“பசிக்குதும்மா” என்றார் சாமி. “சாப்பிட ஏதாவது கிடைக்குமா?”

கணபதியப்பனுக்குக் கூச்சத்தில் உயிர் போனது. நிழல் தேடி வந்தவர்கள் வீட்டில் போய்ச் சோறு கேட்கிறாரே மனிதர்.

யோகமலர் கதவை அகலத் திறந்தாள்.

“வாங்கோ சாமி. இருங்கோ” என்றாள். பிறகு உள்ளே பார்த்து, “இஞ்சாருங்கோ, அந்த மூட்டையை அவிழுங்கோ” என்றாள்.

தவராசா அவிழ்த்தான். பனையோலையில் பின்னிய, புட்டு அவிக்கிற பெட்டி ஒன்று வெளியே வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியபோதும் அதை விட்டுவர அவளுக்கு மனம் வரவில்லை.

“மாவு மேல் தட்டுல…” என்று கணபதியப்பன் எழுந்தார். சாமி அவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார்.

உள்ளே டப்பாக்கள் உருண்டன. எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துப் புட்டும் சம்பலும் வந்தன.

“எங்கட வீட்டுக் குசினியில, அடுப்படி யன்னலால கடல் தெரியும் சாமி” என்றாள், பரிமாறிக்கொண்டே. “இவர்ட படகு திரும்புறதைப் பாத்துத்தான் மாக் குழைப்பன். இந்த யன்னலாலயும் கொஞ்சம் தெரியுது. இண்டைக்குத்தான் பாத்தன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமியும் துடைத்துக்கொண்டார். சம்பலில் காரம் வேறு அதிகம்.

“இன்னும் கொஞ்சம் வைம்மா” என்றார்.

“வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ” என்று அள்ளி வைத்தாள். “ஐயா, நீங்களும்தான்.”

கணபதியப்பன் கைகழுவப் போகும்போது சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். விடைபெறும்போது யோகமலர் வாசல்வரை வந்தாள்.

“வெள்ளிக்கிழமையும் வாங்கோ சாமி. சோறு சமைப்பன்.”

இருவரும் மடத்துக்குத் திரும்பியதும் கணபதியப்பன் வாசலில் நின்று, மனத்தாங்கலோடு சொன்னார்:

“அடுப்பை ஜன்னல்கிட்ட இழுத்துட்டாங்க சாமி. டப்பா ஒண்ணுகூட நான் வச்ச இடத்துல இல்ல.”

சாமி செருப்பைக் கழற்றினார்.

“உங்க மண்டபத்துல எத்தனையோ விருந்தாளிகளைக் கவனிச்சிருப்பீங்க. அவங்கள்ல யாராவது அடுப்பை இடம் மாத்தினாங்களா?”