மடவை ஏன் துள்ளுகிறது

மீனும் மனுஷரும் ஒரே பேச்சில் வம்பளந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், மடவை மீன் துள்ளவே துள்ளாது. ஆற்றின் அடியோடு அடியாக, இருக்கிற இடம் தெரியாமல் போகும், வரும். அவ்வளவு அடக்கம்!

அந்த ஆறு கடலில் சேருகிற இடத்தில் தேசம்மாவும் அவள் புருஷன் கன்னியப்பனும் குடியிருந்தார்கள். தேசம்மாவுக்கு எட்டு மாதம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதில் பன்னிரண்டு நாளாகக் கட்டுமரம் இறங்கவில்லை. வீட்டில் ஒரு வேளைக் கஞ்சி, அதுவும் வெறும் தண்ணீர். வயிற்றுப்பிள்ளை முன்னைப்போல் உதைக்கவில்லை என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம். புருஷனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலையில் வெள்ளம் முகத்துவாரத்து மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. உடைப்பு பத்து முழம்கூட இருக்காது. ஆற்று மீன் அத்தனையும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். கன்னியப்பன் விடுவானா? இரண்டு பக்கமும் கட்டை அடித்துக் குறுக்கே வலையை இழுத்துக் கட்டினான்.

"பார்த்துக்கோ தேசம்மா, கூடையோட வந்துடறேன். இன்னிக்கு உனக்கு வயிறார சோறு!" என்று ஓடினான்.

அவன் தலை மறைவதற்குள் வலை நிறைந்துவிட்டது. எல்லாம் மடவை. முன்னால் இடித்துக்கொண்டு நின்ற ஒருத்தி மூச்சு வாங்கினாள்.

"அக்கா, அவிழ்த்து விடேன். வயிறு நிறைய சினை. உப்புத் தண்ணியில விட்டாத்தான் பொரியும். இங்கேயே நின்னா எல்லாம் அழுகிடும்."

"நல்லாக் கேட்டே போ! என் வயித்துல இருக்கிறதுக்கு யாரு சோறு போடறது?" என்று சீறினாள் தேசம்மா.

"உனக்கு எத்தனை மாசம்?"

"எட்டு."

"அசையுதா?"

அந்தக் கேள்வியை இத்தனை நாளில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. தேசம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சரியா அசையலடி," என்றாள். சொன்னவள், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கட்டையில் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

கூடையோடு வந்த கன்னியப்பன் வெறும் வலையைப் பார்த்தான்.

"எல்லாம் போச்சா?"

"போச்சு மாமா."

"ஒண்ணுகூடவா வைக்கல?"

"எதை வைக்கிறது? எல்லாத்துக்கும் வயிறு இருந்துச்சு."

அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் தன் தோள்துண்டை எடுத்து அவள்மேல் போர்த்தினான். கடற்கரைக்குப் போய் ஈரமணலைத் தோண்டித் தோண்டி ஒரு கூடை மட்டிச் சிப்பி பொறுக்கி வந்தான். விரல் நகமெல்லாம் ரத்தம். அவித்துக் கொடுத்தான். தின்று முடித்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை ஓர் உதை விட்டது பாருங்கள், தேசம்மா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

மார்கழியில் பெண் பிறந்தது. பங்குனியில் ஒருநாள் ஆற்று வளைவில் பிள்ளையோடு நிற்கிறாள், அன்று அவள் அவிழ்த்துவிட்ட அதே மடவை தண்ணீரிலிருந்து முழ உயரம் எம்பியது.

"அக்கா! உன் பிள்ளையைக் காட்டு! உள்ளே இருந்து பார்த்தா கலங்கலாத் தெரியுது!"

தேசம்மா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். பின்னாலேயே விரலளவுக் குஞ்சுகள் கூட்டமாய் வந்தன. தாய் துள்ள, அவையும் துள்ளின.

"போதும்டி, வலைக்காரங்க கண்ணுல பட்டுடுவே!"

"இன்னும் ஒரே தடவை!"

வலைக்காரர் கண் சும்மா இருக்குமா? மறுநாளே அந்த வளைவில் நாலு வலை விழுந்தது. தேசம்மா ஓடிப்போய் ஒவ்வொரு கூடையாகக் கிளறினாள். அவள் மடவை அதில் இல்லை. ஆனாலும் மனசு ஆறாமல் ஊரார் முன்னால் போய் நின்றாள்.

"ஆத்துக்குள்ள துள்ளினா வீசிக்கோங்க, அது நம்ம பிழைப்பு. ஆனா முகத்துவாரம் உடையிறப்ப வயித்தோட போறவளை மறிக்காதீங்க. இது என் பிள்ளை மேல ஆணை."

ஊரார் ஒத்துக்கொண்டார்கள். அன்று தொடங்கி அந்த ஆற்றில், முகத்துவாரம் உடைந்து ஏழு நாளைக்கு யாரும் குறுக்கு வலை கட்டுவதில்லை. மற்ற நாளில் மடவை துள்ளுகிற இடம் பார்த்து வீசுவார்கள். துள்ளினால் வலை விழும் என்று மடவைக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்தும் எம்பி எம்பிப் பார்க்கிறது, கரையில் யாராவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று.