பொட்டு வைத்த மிஷின்

"நான் செஞ்சதை நாசம் பண்ணிட்டாங்கம்மா" என்றார் துரைக்கண்ணு.

வடிவாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்து மடத்தில் அவர்தான் குரு, துரைக்கண்ணு சீடர். குருவைவிடச் சீடருக்குப் பதினேழு வயது அதிகம். அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

"எதை?"

"மல்லாட்டை உடைக்கிற மிஷினை."

முப்பது வருடம் லேத்துப் பட்டறை நடத்திய மனிதர். மடத்துக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் மல்லாட்டையின், அதாவது நிலக்கடலையின், ஓடு உடைந்து, பருப்பு முழுசாக வந்து விழும். அப்படி ஐந்து மிஷின் செய்து சுற்றுப்பட்டு ஐந்து ஊருக்குக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்துப் போன வாரம்தான் பார்க்கக் கிளம்பினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நாலு ஊரில் நாலு குஞ்சையும் பார்த்துவிட்டு வந்துதான் இந்தக் கொதிப்பு.

"முடியூர்ல நாலு காலையும் வெட்டிட்டாங்க."

"ஏனாம்?"

"உக்காந்து பேசிக்கிட்டே சுத்தணுமாம். கொளத்தூர்ல ஒரு பெரியவருக்குத் தோள்பட்டை வலியாம், சைக்கிள் பெடலைக் கோத்து மிதிக்கிறாரு. அதைப் பாத்துட்டுப் போயி பக்கத்து ஊர்லயும் பெடல். அதெல்லாம்கூட விடுங்க. ஆவூர்ல சல்லடையையே மாத்தி ஆமணக்கு உடைக்கிறாங்கம்மா. நான் மல்லாட்டைக்குச் செஞ்சது அது."

"உடையுதா?"

துரைக்கண்ணு கொஞ்சம் தயங்கினார்.

"உடையுது. அதில்ல பேச்சு. ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

அங்கேதான் வலித்தது அவருக்கு. குரு ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"இப்ப என்ன பண்ணலாம்கிறீங்க?"

"திங்கக்கெழமைக்கு டிராக்டர் சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் ஏத்திட்டு வந்து பழையபடி ஆக்கிக் குடுக்கணும். ஒரு மாசம் ஆகும். உங்க உத்தரவு ஒண்ணுதான் பாக்கி."

ஆடிப்பட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் விதைக்கு மல்லாட்டை உடைக்கிற நேரம். இந்த மாதம் மிஷின் இல்லையென்றால் நாலு ஊர்ப் பெண்களும் விரலால்தான் உடைக்க வேண்டும். அது துரைக்கண்ணுவுக்குத் தெரியாததல்ல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, அவ்வளவுதான்.

"அஞ்சாவது ஊர்?" என்றார் குரு.

"பனையேந்தலா? அங்கே இன்னும் போகலை. ஆனா இந்த மூணு வருசத்துல அங்கேருந்து ஒரு குறையும் வந்ததில்ல. நல்ல சனங்க."

"அப்ப அதை மொதல்ல பாத்துடுவோம். நீங்க செஞ்சது எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் மறந்துபோச்சு."

கீரையை மூடி வைத்துவிட்டு எழுந்தார். பனையேந்தலுக்கு ஒரு மணி நேர நடை. வழி முழுக்கத் துரைக்கண்ணு சல்லடையின் கண் அளவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஊர் முனையிலேயே மகளிர் குழுத் தலைவி பச்சையம்மாள் எதிர்கொண்டாள்.

"வாங்கண்ணே. வாங்க சாமி. எத்தினி நாளா எதிர்பாக்கிறோம்."

முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்துக் குழுக் கட்டடத்தைத் திறந்தாள். உள்ளே ஒரு பலகையின் மேல் மஞ்சள் துணி போர்த்தியிருந்தது. துணியை எடுத்தாள்.

பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது. கைப்பிடி எண்ணெயில் மின்னியது. நாலு காலும் முழுசு. சல்லடையும் அவர் போட்டதே. முன்தகட்டில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கழுத்தில் மாலை. கைப்பிடியில் ஓர் எலுமிச்சம்பழம்.

துரைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாம்மா. இதுதான் நான் செஞ்சது."

"ஆயுதபூசைக்கு மொதப் பொட்டு இதுக்குத்தாண்ணே" என்றாள் பச்சையம்மாள். "வெள்ளிக்கெழமை ஆனா எலுமிச்சம்பழம் மாத்திடுவோம். ஒரு கீறல் விழ விடல."

"மல்லாட்டை நல்லா உடையுதா?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

பச்சையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதுலயா? நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச பொருளு. நாங்க பாட்டுக்குச் சுத்தி ஒண்ணு ஆயிட்டா உங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்ப எதுல உடைக்கிறீங்க?"

"கைதான் இருக்கே."

அவள் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் துணி சுற்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். வெளியே வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் மல்லாட்டைக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் விரல்களிலும் துணி.

"மத்த ஆயுதத்துக்கெல்லாம் வருசத்துல ஒரு நாள்தான் லீவு" என்றார் குரு. "இது குடுத்து வச்சது. கற்பூரம் இருக்கா பச்சையம்மா?"

இருந்தது. குரு அதை வாங்கித் துரைக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்களே காட்டுங்க. செஞ்சவர் நீங்கதானே."

துரைக்கண்ணு கற்பூரத்தைப் பார்த்தார். பச்சையம்மாளின் விரலைப் பார்த்தார்.

பிறகு கற்பூரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாலையைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தார்.

"இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு கிடைக்குமா?"

"எதுக்குண்ணே?"

"கால் ஒசரமா இருக்கு. உக்காந்து சுத்த எவ்வளவு விடணும்னு சொல்லு."

பச்சையம்மாள் நம்ப முடியாமல் குருவைப் பார்த்தாள். குரு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையம்மாள் மெல்லக் கைப்பிடியைத் தொட்டாள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் தைரியம் வந்துவிட்டது.

"அது உங்களுக்குச் சரியாத் தெரியாதுண்ணே. முடியூர்ல என் நாத்தனா இருக்கா. அவளக் கேட்டு வெட்டிக்கிறோம்."

மறுபடியும் அவரை யாரும் கேட்கவில்லை. துரைக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப திங்கக்கெழமை டிராக்டர் வருது. இதை முடியூருக்கே ஏத்திட்டுப் போங்க" என்றவர், திரும்பினார். "அம்மா உத்தரவுதான் பாக்கி."

குரு கைப்பிடியிலிருந்து எடுத்த எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார்.

"ரசத்துக்கு ஆகும்" என்றார்.